எரிக்கும் ஆடியும் தீயைக் காணும் ஆடியும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் நண்பகலில் பயணித்தவர்கள் அறிவார்கள்; உப்பள நீரின் மினுக்கம் கண்ணைப் பறிக்கும். விண்ணிலிருந்து காட்டுத்தீயைத் தேடும் செயற்கைக்கோள்களுக்கும் இத்தகைய மினுக்கம் பெருந்தொல்லை. நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலைத் தீயென மயங்காதிருக்க, அவற்றின் கணக்கீட்டில் தனி விதிகளே உண்டு.

இக்கருவிகளின் ஒளியியலுக்கு வேர் தேடினால் பக்தாத் வரை போக வேண்டியிருக்கிறது. கி.பி. 984 அளவில் இப்னு ஸஹ்ல் எழுதிய நூலின் பொருளே எரிக்கும் ஆடிகளும் வில்லைகளும்தாம். தொலைவிலுள்ள பொருளைச் சூரிய ஒளியால் எரிக்க ஆடியை எவ்வாறு வளைப்பது என்று ஆராயப் புகுந்தவர், ஒளிவிலகல் விதியையே கண்டடைந்தார். ஆயினும் அவ்விதிக்கு, அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஸ்னெல்லின் பெயரே நிலைத்தது. சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளை ருஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் ஒன்றுசேர்த்து வாசித்த பின்னரே, சென்ற நூற்றாண்டின் இறுதியில், உண்மை வெளிப்பட்டது. நாமும் இப்னுல் ஹைதமைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருக்கு முன்னோடியான இவரை ஏனோ விட்டுவிடுகிறோம்.

1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அந்த அகச்சிவப்புக் கதிரே இன்று தீயைக் காட்டிக்கொடுக்கிறது. வெறும் தரை 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாகக் கதிர்வீசும். எரியும் காடோ 3, 4 மைக்ரோமீட்டரில். ஒரே இடத்தை இரண்டிலும் பார்த்து ஒப்பிட்டால், ஒரு படப்புள்ளியின் சிறு மூலையில் எரியும் தீயும் பிடிபடும். சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எனவே ஆடிகளைப் பயன்படுத்துவர். அல்லது ஜெர்மேனியத்தில் வில்லை செய்வர். நம் கண்ணுக்கு அது ஒளிபுகாத சாம்பல் நிறக் கட்டி! உணர்வியோ தன் சொந்த வெப்பத்தாலேயே குருடாகிவிடும் என்பதால், அதை மைனஸ் 190 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைத் தீ பறித்தது. சென்னையிலிருந்து போன இளைஞர்களும் அவர்களில் இருந்தனர். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே மோடிஸ் கருவியின் தரவைக் கொண்டு தீயறிவிப்புச் செய்துவருகிறது. மோடிஸின் ஒரு புள்ளி தரையில் 1 கிலோமீட்டர். பின்வந்த விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். ஆனால் இவற்றைச் சுமக்கும் கோள்கள் ஓரிடத்தை நாளுக்குச் சில முறையே கடக்கின்றன. சரிவில் காய்ந்த புல்லைப் பற்றிய நெருப்புக்குச் சில நிமிடங்கள் போதும்.

2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி அரைமணிக்கு ஒருமுறை நம் நாட்டைப் படமெடுத்தது. எனினும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதால் அதன் அகச்சிவப்புப் புள்ளி 4 கிலோமீட்டர் அகலம். அதைச் சுருக்க வேண்டுமானால் ஆடி பெரிதாக வேண்டும். ஆடி பெரிதானால் ராக்கெட் சுமக்கும் எடையும் கூடும்.