அல்லைப்பிட்டி தந்த நடிகர்

படமெடுக்கும் தொழிலையே பொருளாகக் கொண்ட திரைப்படங்களுள் தலையாயது, இத்தாலிய நெறியாளர் பெலினி 1963ஆம் ஆண்டில் ஆக்கிய 'எட்டரை' என்பர். மேற்கொண்டு எதைப் படமாக்குவதென்று அறியாது மயங்கும் நெறியாளனாக அதில் மார்செல்லோ மஸ்த்ரோயானி நடித்தார். தமிழிலும் இத்தகைய முயற்சியொன்று உண்டு என்பதையும், அதில் யாழ்ப்பாணத்தார் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் நேயர்களுட் சிலரே அறிந்திருப்பர்.

லீனா மணிமேகலை நெறிப்படுத்திய 'செங்கடல்' என்பதே அப்படம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியின் மீனவரையும், அக்கரையில் வந்திறங்கும் ஈழத்து அகதிகளையும் படமாக்க முயன்று அல்லற்படும் பெண்ணொருத்தியின் கதை அது. அப்பெண்ணாக நெறியாளரே தோன்றினார். சித்தம் பேதலித்த சூரி என்னும் அகதியாக நடித்தவர், கதையாக்கத்திலும் பங்குகொண்ட ஷோபாசக்தி. கதையில் வரும் தடை படத்துக்கும் வந்தது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியத் தணிக்கைக் குழு அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டின் பின்னரே, அவ்வாண்டில், படம் வெட்டின்றி வெளிவர இசைவு கிடைத்தது.

ஷோபாசக்தியின் இயற்பெயர் அன்ரனிதாசன். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குச் செல்வோர்க்கு வழியில் எதிர்ப்படும் அல்லைப்பிட்டியில் 1967இற் பிறந்தவர். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, பின்னர் விலகி, நாடுகள் சில அலைந்து, 1993இல் பிரான்சை அடைந்தார். அங்கே உணவகங்களிற் பாத்திரம் துலக்கினார். 2001இல் 'கொரில்லா' என்னும் நாவலால் எழுத்தாளராக அறியப்பட்டார்.

ஜாக் ஓடியார் என்னும் பிரெஞ்சு நெறியாளர் 2015இல் 'தீபன்' படத்தின் தலைமைப் பாத்திரத்தை இவரிடம் ஒப்படைத்தார். நெறியாளர் தமிழறியார், உரையாடலிற் பெரும்பகுதியோ தமிழ். போரிற் தோற்ற வீரனொருவன் இறந்தவனுடைய கடவுச்சீட்டைப் பெற்று, முன்பின் அறியாத பெண்ணையும் சிறுமியையும் மனைவி மகளென்று சொல்லி ஐரோப்பா சேர்கிறான். அவனும் ஒரு நடிகனே அன்றோ! அதிகாரிகள் முன் கணவனாகவும் தந்தையாகவும் நடிக்கவேண்டிய ஒருவனை நடித்துக் காட்டுவது எளிதன்று. அன்ரனிதாசன் குரலை உயர்த்துவதில்லை. தாழ்ந்த பார்வையும் ஓயாது வேலைசெய்யும் கைகளுமே பேசுகின்றன. ஒரேயொரு காட்சியில், மதுவெறியில், தனியனாய் நின்று இயக்கப் பாடலைப் பாடுகையில், அடக்கிவைத்த போராளி வெளிப்பட்டுவிடுகிறான். உரத்த நடிப்புக்கே பழகிய நமது மேடைக்கு இவ்வடக்கம் புதிது. இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை படத்துக்குப் பொருந்தவில்லை என்பது வேறு செய்தி.

கான் விழாவில் அவ்வாண்டின் தங்கப்பனை விருது 'தீபன்' படத்துக்குக் கிடைத்தது. சிறந்த நடிகர் விருது வின்சென்ட் லின்டன் என்னும் பிரெஞ்சு நடிகரைச் சேர்ந்தது. 2016இல் பிரான்சின் சேசர் விருதுக்கான நடிகர் பட்டியலில் அன்ரனிதாசன் பெயரும் இடம்பெற்றது. அங்கும் லின்டனே வென்றார். 2019இல் ஷோபாசக்தியின் 'இச்சா' நாவல் வெளிவந்தது.