உடம்பைக் காட்டித் திராட்சைக்குத் தடை போட்ட பிரபு

பிரான்ஸின் திஜோன் அருங்காட்சியகத்தில் பர்கண்டி பிரபு பிலிப்பின் கல்லறை இருக்கு. அதைச் சுற்றி, துக்கம் காக்கும் அலபாஸ்டர் கல் உருவங்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 செ.மீ. உயரம், ஒரு முழம்கூட வராது.

இந்தப் பிரபுதான் 1395இல் 'கமே' என்ற சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகளை வெட்டி எறியச் சொன்னவர். காரணம்? மனுஷ உடம்புக்குக் கெடுதியாம்!

உண்மையில் கமே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆனால் பர்கண்டிக்குப் பேர் வாங்கித் தந்தது 'பினோ நுவார்'. அந்தப் பேர் கெட்டால் வியாபாரம் படுத்துடும்.

டாக்டரா சொல்றேன்: ரெண்டுலயும் இருப்பது ஒரே ஆல்கஹால். அது புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள். "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது"ன்னு ஃபார்வர்டு வந்தா, யார் வியாபாரத்துக்காகச் சொல்றாங்கன்னு முதல்ல கேளுங்க.