பைக்ஸ் பீக்கும் ஏற்காடும், நடுவில் ஒரு ரப்பர் குழாயும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மாசி மாதம் ஏழாவது வளைவு தாண்டும்போதே என் பழைய டீசல் கார் திணற ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கியரிலும் இழுவை இல்லை. "என்னங்க, பின்னாடி ஒரே கரும்புகையா வருது" என்றாள் வீட்டம்மா. ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பிக் கீழே இறங்கிவிட்டோம்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "டர்போ போயிடுச்சு சார், மாத்தினா 42,000 ஆகும்" என்றார்கள். என் ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம். பாலிடெக்னிக்கில் பல வருடம் எஞ்சின் பாடம் நடத்தியவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மாணவர்களுக்குச் சொன்ன டர்போ கதையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூச்சி என்ற பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாக வெளியே போகிறது. அந்தப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளினால் என்ன? இவ்வளவுதான் யோசனை. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று கிடைக்கவில்லை. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் பொருத்திய பிறகுதான் பூச்சிக்கு விடிவு வந்தது. டீசல் எஞ்சின்களின் சக்தி 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. இருபது வருடம் காத்திருந்த மனிதர்!

இடையில் அமெரிக்காவில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், 'லிபர்ட்டி' விமான எஞ்சின் ஒன்றை 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் அங்கே 230-தான் கொடுத்தது. டர்போ பொருத்தியதும் 356! மலையில் எஞ்சினுக்குத் தட்டுப்படுவது எண்ணெய் அல்ல, காற்று என்று உலகத்துக்கே புரிந்தது.

கார்களுக்கு வர இன்னும் காலமானது. 1978-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. டர்போ டீசலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நம் ஊரில் 1998-இல் டாட்டா சஃபாரி வந்தபோது 'டர்போ' என்ற சொல்லே ஒரு கவுரவம். பழைய டீசல் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாது. 2007 வாக்கில் வந்த 1.3 லிட்டர் டர்போ டீசல் 75 கொடுத்தது.

இதையெல்லாம் அசைபோட்டபடி விடிந்ததும் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் பழைய மெக்கானிக்கிடம் போனேன். "சார், ஆக்சிலேட்டரை நல்லா மிதிங்க" என்றார். அவருடைய பையனை மிதிக்கச் சொல்லிவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸ், எஞ்சின் வேகம் ஏற ஏற, காலியான பால் பாக்கெட்டைப் போல உள்வாங்கி ஒட்டிக்கொண்டது! வேகம் குறைந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் பழையபடி உருண்டு நின்றது. மாஸ் மலையுச்சியில் கண்ட அதே நோய்தான். அங்கே காற்று மெலிந்தது, இங்கே வழி அடைபட்டது. காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்தால் கரும்புகைதான் வரும்.

ரப்பர் ஏன் இப்படித் துவண்டது? எஞ்சினுக்குள் கசியும் ஆவியை ஒரு காலத்தில் அப்படியே சாலையில் விட்டார்கள். காற்று மாசு பெரிய பிரச்சினையாகி, 1960-களில் கலிபோர்னியாவில் தொடங்கி, அதைத் திருப்பி எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஆவியில் எண்ணெய் கலந்திருக்கும். என் காரில் அது வந்து சேரும் இடம் இந்த ஹோஸ். எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர் 1930-களிலேயே வந்துவிட்டது, என்றாலும் எஞ்சின் சூட்டில் பதின்மூன்று வருடம் எண்ணெயில் ஊறினால் எதுவும் தளரும்.

கிளிப்புகளைத் தளர்த்தி ஹோஸை உருவினார். மடிப்பு ஒன்றில் நகக்கண் அளவு விரிசலும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபில்டரைத் தாண்டி அந்த வழியாகப் புழுதி நுழைந்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தின் இதழ்களை அரித்துத் தின்றுவிடும். அப்போது 42,000 நிஜமாகவே ஆகியிருக்கும். விரலை விட்டுத் தண்டை ஆட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் அசைவில்லை, பக்கவாட்டில் மட்டும் மயிரிழை. "டர்போ ஜம்முனு இருக்கு சார்." ஒன்றும் உள்ளே விழாதிருக்க டர்போ வாயில் துணியை அடைத்திருந்தார். புது ஹோஸை மாட்டும் முன் அதை எடுத்துவிட்டாரா என்று இரண்டு தரம் கேட்டேன். சிரித்துக்கொண்டே துணியைத் தூக்கிக் காட்டினார்.

ஹோஸ் 1,350 ரூபாய், கூலி 300.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவும் ஏறி, ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிட்டு வந்தோம். பழைய ஹோஸ் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. தூக்கிப்போடச் சொல்லி வீட்டம்மா இரண்டு முறை கேட்டாகிவிட்டது.