தொழில் உரிமக் குழுமங்களின் ஒழுங்கு நடவடிக்கையும் கால வரம்பும்: செட்டிநாட்டுக் கடன் மரபை முன்வைத்து

முன்னுரை

வழக்குரைஞர், மருத்துவர், பட்டயக் கணக்கர் ஆகியோரின் பதிவைப் பேணும் குழுமங்களுக்கு, தவறிழைத்த உறுப்பினரை இடைநீக்கம் செய்யவும் பெயரை நீக்கவும் அதிகாரம் உண்டு. இவ்வதிகாரத்தைக் காலம் இருவகையில் கட்டுப்படுத்தலாம். தவறு நிகழ்ந்து எத்தனை ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது ஒன்று. முறையீடு வந்தபின் எத்தனை காலத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது முறையிடுபவரைக் கட்டுப்படுத்துவது. பின்னது குழுமத்தைக் கட்டுப்படுத்துவது. இவ்விரண்டும் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்ற வரலாற்றைச் செட்டிநாட்டுக் கடன் மரபின் பின்னணியில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செட்டிநாட்டில் கடனும் காலமும்

காரைக்குடியையும் சுற்றுப்புற ஊர்களையும் தாயகமாகக் கொண்ட நகரத்தார், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். அங்கு அனுப்பப்பட்ட முகவரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். பொறுப்பேற்றவர் குறித்த காலத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை.

கடன் கொடுத்தவருக்கும் காலக்கெடு இருந்தது. கேட்டவுடன் செலுத்தத்தக்க புரோநோட்டின் மீது, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பது காலவரையறைச் சட்டத்தின் விதி. 1908, 1963 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இரண்டிலும் இது உண்டு. கெடுவுக்குள் கடனாளி எழுத்து வழியாகக் கடனை ஒப்புக்கொண்டாலோ, உரிய சான்றுடன் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ புதிய காலம் தொடங்கும். இரண்டும் இல்லையெனில் நோட்டு 'காலாவதி' ஆகும். கடன் உண்மையானதாயினும் நீதிமன்றத்தின் வழியாக அதனை வசூலிக்க இயலாது.

1879 முதல் 1973 வரை

காலனிய ஆட்சியில், கீழமை நீதிமன்ற வழக்காடிகள் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டம் நெறிப்படுத்தியது. குற்றச்சாட்டின் நகலும் அறிவிப்பும் விசாரணை நாளுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக அவரிடம் சேர வேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் எதிர்வாதத்தை ஆயத்தம் செய்வதற்கான அவகாசம் இது. 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம் விசாரணையில் பார் கவுன்சிலுக்குப் பங்களித்தபோதும், தண்டிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்திடமே விட்டுவைத்தது.

1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் அவ்வதிகாரத்தை மாநில பார் கவுன்சில்களின் ஒழுங்குக் குழுக்களுக்கு வழங்கியது. விசாரணைக்கான கெடு 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 36-பி பிரிவின் வழியாக வந்தது. முறையீடு கிடைத்த நாளிலிருந்தோ, கவுன்சில் தானாக நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். முடியாவிடில் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். இங்கே கெடு கடந்தால் முறையீடு அழிவதில்லை. விசாரிக்கும் இடம் மட்டுமே மாறுகிறது. புரோநோட்டின் காலாவதிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. ஆயினும், மாற்றப்பட்ட விசாரணையை இந்திய பார் கவுன்சில் எப்போது முடிக்க வேண்டும் என்பதை இப்பிரிவு கூறவில்லை.

இரு நோட்டுகளின் வழக்கு

இவ்விரு காலக்கெடுகளின் உறவைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று தெளிவாக்குகிறது. முதிய தம்பதியர் இருவர், 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரு புரோநோட்டுகளை வழக்குத் தொடரும்படி ஒரு வழக்குரைஞரிடம் ஒப்படைத்தனர். நீதிமன்றக் கட்டணத்துக்கான பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர், வழக்குத் தொடராமலே தொடர்ந்துவிட்டதாக அவர்களை நம்பவைத்தார். நோட்டுகள் காலாவதியாயின. மாநில பார் கவுன்சில் அவரை ஆறு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதனை ஓராண்டாகக் குறைத்தது.

1978இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். தண்டனை சீர்திருத்துவதாகவும் அமைய வேண்டும் என்று கருதிய அவர், முறையிட்டவருக்கு 2,500 ரூபாய் வழங்குவதையும் இலவசச் சட்ட உதவிப் பணி ஆற்றுவதையும் தண்டனையோடு இணைத்தார். நீதிபதி ஏ.பி. சென் தண்டனையில் தலையிட உடன்படவில்லை. எவ்வாறாயினும், 20,000 ரூபாய்க்கான வழக்குரிமை அம்முதியவர்களுக்கு மீளவில்லை. கட்சிக்காரரின் உரிமையை மூன்று ஆண்டுகளில் முற்றாக அழிக்கும் சட்டம், அவ்வுரிமையைத் தவறவிட்டவரை விசாரிக்கும் அமைப்பின் தாமதத்துக்கு அத்தகைய விளைவு எதனையும் விதிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

பிற தொழில்கள்

மருத்துவர் மீதான முறையீட்டில் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கூறின. மாநிலக் குழு தாமதித்தால் மையக் குழு அதனைத் தன்னிடம் மாற்றிக்கொள்ள 2004ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. பட்டயக் கணக்கர்களுக்கான 2007ஆம் ஆண்டு விதிகள் முதல் வகை வரம்பைக் கொண்டவை. ஏழு ஆண்டுகளுக்கு முற்பட்ட தவறு குறித்த முறையீட்டை, காலத் தாழ்வால் சான்று திரட்டுவதோ எதிர்வாதம் செய்வதோ கடினமாகும் எனக் கருதினால், ஒழுங்கு இயக்குநர் ஏற்க மறுத்து ஒழுங்கு வாரியத்தின் முடிவுக்கு அனுப்பலாம். இது தானாகவே உரிமையை அழிக்கும் தடையன்று. காரணம் கண்டு பயன்படுத்த வேண்டிய விருப்புரிமை.

முடிவுரை

36-பி பிரிவு விட்டுவைத்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் நிரப்பியது. மாநில பார் கவுன்சில்கள் ஓராண்டுக் கெடுவைப் பின்பற்ற வேண்டும் என்றும், மாற்றப்பட்ட முறையீடுகளை இந்திய பார் கவுன்சிலும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது பணித்தது. காரைக்குடியில் வாழும் ஒருவரின் முறையீடு முதலில் சென்னையிலும், கெடு கடந்தால் தில்லியிலும் நிலுவையில் நிற்கும். தாமதத்தின் சுமை முறையிட்டவருக்கும், தீராத குற்றச்சாட்டுடன் தொழில் நடத்துபவருக்கும் பொதுவானது. தாமதித்த குழுமத்துக்கு அதில் பங்கில்லை. குறித்த தவணையில் கணக்குக் காட்டும் கடமையை முகவர் மீது சுமத்திய வணிக மரபோடு ஒப்பிடும்போது, ஒழுங்கு நடவடிக்கைச் சட்டத்தில் எஞ்சியுள்ள குறை இதுவே எனலாம்.