ஸ்டுடியோ இருந்தபோது திரையில் வராத ஊர்: கொங்கு நாடும் தமிழ்த் திரைப்படமும், 1914–2023

திரைப்படம் தான் பிறந்த காலத்தைக் காட்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் கோவை வட்டாரத்தின் சினிமா வரலாற்றைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. சிங்காநல்லூரிலும் புலியகுளத்திலும் சேலத்திலும் ஸ்டுடியோக்கள் இரவு பகலாக இயங்கிய காலத்தில் கொங்கு நாட்டின் வயலோ ஆலையோ பேச்சோ படத்தில் இல்லை. அந்த ஸ்டுடியோக்கள் ஒடுங்கி, சென்னையிலிருந்து கேமரா வந்திறங்கத் தொடங்கிய பிறகே இந்த மண் திரையில் தெரிந்தது. அப்போதும் அதில் ஒரு பகுதிதான் தெரிந்தது. எது தெரிந்தது, எது விடுபட்டது, அதற்கும் அந்தந்தக் காலத்துக்கும் என்ன உறவு என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. சேலம், நாமக்கல் பகுதிகளையும் சேர்த்தே இங்கே கொங்கு என்று குறிப்பிடுகிறேன்.

கதை ஒரு ரயில்வே ஊழியரிடமிருந்து தொடங்குகிறது. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சி ரயில்வேயில் படவரைவாளராக இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளில் அது ஒன்று. பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது. சாலைக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. பேசும் படம் வந்ததும் வின்சென்ட் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவின் பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து அவர் எடுத்த ‘வள்ளி திருமணம்’ 1933இல் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி வள்ளி. பணம் கோவையுடையது, படப்பிடிப்புத் தளம் கல்கத்தாவுடையது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஸ்டுடியோ வந்தது.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளில் சேர்ந்த பணம் புதிய தொழில் தேடியது. ஆலை உரிமையாளரான பி. ரங்கசாமி நாயுடு, வின்சென்ட், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் முன்னின்று அந்தப் பத்தாண்டின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவை உருவாக்கினார்கள். அதே நேரத்தில், 1935இல், திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ (1938) சேலத்தில்தான் தயாரானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்று சொல்லப்படும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கிருந்தே வந்தது. நூற்பாலைக்கு மின்சாரமும் முதலும் கணக்குப்பிள்ளையும் தேவை. படத்துக்கும் அவையேதான் தேவை. கொங்கு முதலாளிகள் சினிமாவை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தினார்கள்; மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களைத் தாண்டியதற்கு அந்த ஒழுங்கே காரணம் என்பது என் கருத்து.

அந்தத் தொழிற்சாலைகள் உற்பத்தி செய்தது என்ன? ‘ஆர்யமாலா’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஜகதலப்பிரதாபன்’ (1944), ‘ஹரிதாஸ்’ (1944): புராணம், பக்தி, மாயாஜாலம். உலகப் போரினால் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்திய நாட்கள் அவை. சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரை உதறிய மகன் மனம் திருந்தும் கதைக்குப் பஞ்சமும் ரேஷனும் கண்ட மக்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள் என்றால், நாயகனாக நடித்த பாகவதரின் குரல் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. வீடு குலைந்துவிடுமோ என்ற அச்சம் அன்று உண்மையானது.

ஆனால் ஸ்டுடியோவின் மதில் சுவருக்கு வெளியே நடந்தவை வேறு. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள், கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையமும் சிங்காநல்லூரும் அக்கம்பக்கத்து ஊர்கள். அந்த ஆண்டு சென்ட்ரல் ஸ்டுடியோவைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜூபிடர் நிறுவனத்திடமிருந்து வந்த படம் ‘ஸ்ரீ முருகன்’. அடுத்த ஆண்டு ‘ராஜகுமாரி’. ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் அரண்மனை செட் போட்டுக் கொண்டிருந்தார்கள். இதை வெறும் பாராமுகம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முதல் போட்டவர்களில் ஆலை உரிமையாளர்கள் இருந்தார்கள். தணிக்கையைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் அரசு. படமோ மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் விலைபோக வேண்டும். ஆகவே எந்த ஊருக்கும் சொந்தமில்லாத அரசவைத் தமிழே எல்லா ஊருக்கும் வசதியாக இருந்தது.

அந்த அரசவைத் தமிழுக்குள்ளேயே அரசியல் நுழைந்தது என்பதுதான் இக்காலத்தின் பெரிய திருப்பம். ‘ராஜகுமாரி’ எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதல் படம். வசனம் ஏ.எஸ்.ஏ. சாமி என்றும், உதவி மு. கருணாநிதி என்றும் டைட்டிலில் போட்டார்கள். அந்த உதவியாளர் சிங்காநல்லூரில் குடியிருந்து எழுதியவர். 1949 பிப்ரவரியில் ஜூபிடரின் ‘வேலைக்காரி’ வெளியானது, அண்ணாவின் கதை. கடன்பட்டுத் தூக்கில் தொங்கிய தந்தைக்காகப் பழிவாங்கக் கிளம்பும் ஆனந்தன், வேதாசல முதலியாரின் செல்வத்தையும் பக்தியையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கிறான். ஏழு மாதத்தில் தி.மு.க. பிறந்தது. அடுத்த ஆண்டு சேலத்திலிருந்து ‘மந்திரி குமாரி’. திராவிட இயக்கத்தின் திரை மொழி சென்னையில் உருவானது என்றே பொதுவாக எழுதுகிறார்கள். அதன் பயிற்சிக்களம் கொங்கு நாட்டு ஸ்டுடியோக்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ இதற்கு இணையாக வேறொரு பாதையில் போனது. ‘ஏழை படும் பாடு’ (1950) விக்டர் ஹ்யூகோவின் நாவலைத் தழுவியது. கே. ராம்நாத் இயக்கம், நாகையா நாயகன். விடாது துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்தப் படத்தினால்தான். 1954இல் ‘மலைக்கள்ளன்’. நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி. கொங்கு எழுத்தாளர் ஒருவரின் கதை கொங்கு ஸ்டுடியோவில் படமானது. மலைக்கு மேலே ஏழைகளுக்காக நாயகன் அமைத்திருக்கும் குடியிருப்பை இன்று பார்த்தால், சுதந்திரம் வந்து ஏழு ஆண்டுகள் ஆன ஒரு நாட்டின் ஆசையும் ஏமாற்றமும் சேர்ந்தே தெரிகின்றன: நல்லாட்சி இருக்கிறது, ஆனால் அது கள்ளனின் ஆட்சி. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என ஐந்து மொழிகளுக்கு அந்தக் கதை போனது. இந்தி ‘ஆசாத்’ (1955) படத்துக்காக திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்தார்கள்.

அதன்பின் எல்லாம் வேகமாக மாறியது. நடிகர்கள், லேப், விநியோகஸ்தர் அலுவலகங்கள் சென்னையில் குவிந்தன. ஜூபிடர் அங்கே போனது. ஸ்ரீராமுலு நாயுடு பெங்களூருக்குப் போனார். 1963இல் டி.ஆர். சுந்தரம் மறைந்தார். கோவை ராமநாதபுரத்தில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர் தன் தேவர் பிலிம்ஸை 1956இல் சென்னையில்தான் தொடங்கினார். முதல் படமான ‘தாய்க்குப் பின் தாரம்’ தொட்டே காளையும் யானையும் ஆடும் அவர் படங்களில் நடிகர்களுக்குச் சமமாக நின்றன. காடு தோட்டத்தில் வளர்ந்தவரின் பார்வை அது என்று எனக்குப் படுகிறது. மற்றபடி கோவைக்கு மிஞ்சியது ‘கோவை ஏரியா’ என்ற விநியோகக் கணக்கு மட்டுமே.

கேமரா திரும்பி வந்தது 1970களில். ‘அன்னக்கிளி’ (1976) மோயாற்றங்கரைத் தெங்குமரஹாடாவில் படமாக்கப்பட்டது. செட் அரண்மனைக்குப் பழகிய கண்ணுக்கு ஆற்றங்கரையும் நாற்றங்காலும் புதிதாக இருந்தன. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜ், ‘சுவரில்லாத சித்திரங்கள்’ (1979) முதல் ‘முந்தானை முடிச்சு’ (1983) வரை, வாய்க்கால் கரையிலும் திண்ணையிலும் நடக்கும் சின்னச் சின்னச் சண்டைகளைக் கதையாக்கினார். வரதட்சணை, வேலையில்லாத பட்டதாரி, கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் வாத்தியார்: நெருக்கடி நிலைக்குப் பின் வந்த தலைமுறைக்கு அரசவை வசனம் போதவில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சு வேண்டியிருந்தது.

இங்கே நிலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திரையில் கொங்கு என்றால் கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபியின் நெல்வயல். அல்லது ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பு. ஆனால் கொங்கு நாட்டின் பெரும்பகுதி மானாவாரி மேட்டுக்காடு. காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகளில் மாடும் வெள்ளாடும் மேயும். சோளத்தட்டும் பனையும் கிணற்று மேடும்தான் அந்த நிலத்தின் முகம். சினிமா பச்சையை மட்டும் பொறுக்கிக்கொண்டது. பச்சை இருக்கும் இடத்தில் நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களே கதாநாயகர்களானார்கள்.

‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) ஆகியவை இந்த வரிசையின் உச்சம். ‘சின்னக் கவுண்டர்’ படத்தின் மொய் விருந்துக் காட்சி நுட்பமானது: கடன்பட்ட பெண் இலை போட்டு ஊரையே அழைக்கிறாள், உண்டவர்கள் இலைக்கடியில் பணம் வைத்துப் போகிறார்கள், சின்னக் கவுண்டர் தாலியை வைத்துவிட்டு எழுகிறார். ஊர்ச் சடங்கு ஒன்று இவ்வளவு அழகாகக் கதையைத் திருப்பியது அபூர்வம். ஆயினும் கடன், திருமணம், மானம் என எல்லாவற்றையும் ஒரு மனிதரின் பெருந்தன்மையே தீர்த்துவைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஈரோடு சவுந்தரின் எழுத்தில் கே.எஸ். ரவிகுமார் இயக்கிய ‘நாட்டாமை’யில் போலீஸும் கோர்ட்டும் தேவைப்படவே இல்லை, தந்தை சொன்ன பதினெட்டு வருட ஒதுக்கிவைப்பே சட்டம்.

இந்தப் படங்கள் வந்த காலத்தை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1994 ஏப்ரலில். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டோடு 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஏறுமுகத்தில் இருந்தது. கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் விசைத்தறி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, பம்ப்செட் என்று பண்ணையத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். பரம்பரை நாட்டாமையின் கையிலிருந்து அதிகாரம் நழுவிய ஆண்டுகளில்தான் திரையில் அவருக்கு இத்தனை பெரிய சொம்பும் வெற்றிலைத் தட்டும் கிடைத்தன. அன்றைய வாழ்க்கையைவிட, போய்க்கொண்டிருந்த ஒன்றைப் பற்றிய ஏக்கத்தைத்தான் அந்தப் படங்கள் பதிவுசெய்திருக்கின்றன.

அதே 1994 பொங்கலுக்கு வந்தது ‘அமைதிப்படை’. இயக்கிய மணிவண்ணன் சூலூர்க்காரர், நடித்த சத்யராஜ் கோவைக்காரர். கோயிலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசை, ஓட்டு எண்ணிக்கை கூடக்கூட நாற்காலியில் உட்காரும் தோரணையை மாற்றிக்கொள்ளும் காட்சி, அதிகாரம் உடம்பில் ஏறும் விதத்தை ஒரே இடத்தில் காட்டிவிடுகிறது. நாட்டாமைப் படங்கள் மறைத்ததை இது போட்டு உடைத்தது. எனினும் இதையெல்லாம் நகைச்சுவையாகத்தான் சொல்ல முடிந்தது. கொங்குப் பேச்சுக்கே அந்த விதிதான். கவுண்டமணியும் கோவை சரளாவும் பேசினால் கொங்குத் தமிழ்; நாயகன் நெகிழ்ந்து பேசினால் பொதுத் தமிழ். ‘சதிலீலாவதி’யில் (1995) கமல்ஹாசன் படம் முழுக்க ‘ஏனுங்க’ என்றும் ‘என்ற’ என்றும் பேசினார்; அரங்கம் சிரித்தது. இந்தப் பேச்சில் அழவும் முடியும் என்று தமிழ் சினிமா நம்பவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் படமாக்கப்பட்ட தென்மாவட்டக் கதையான ‘தேவர் மகன்’ (1992) படத்தில் வடிவேலு இசக்கியாக வருகிறார். சின்ன ஐயா சொன்னார் என்று கோயில் பூட்டைத் திறந்து, அதற்காகக் கையை இழக்கிறார். 31 ஆண்டுகள் கழித்து மாரி செல்வராஜின் ‘மாமன்ன’னில் (2023) அதே வடிவேலு சேலம் வட்டாரத்துத் தனித்தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர். இசக்கியை நினைத்தே இந்தப் பாத்திரத்தை எழுதியதாக இயக்குநர் பொதுமேடையில் சொன்னார். தேர்தலில் வென்றவர், காரில் கொடி கட்டியவர், ஆனால் கட்சிக்காரரான ஆதிக்க சாதிக்காரர் வீட்டில் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார். மகன் உட்காரச் சொல்கிறான். 1996இல் இட ஒதுக்கீடு ஊராட்சி வரை வந்த பிறகும் எத்தனையோ தலைவர்கள் அலுவலகத்திலேயே தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருக்கும் மாநிலம் இது. அந்த நடப்பு திரைக்கு வர இருபத்தேழு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை, இந்த நூறாண்டு வரிசையில் கொங்கு நாட்டுக்கு மிக நெருங்கி வந்த படம் தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ (2022). திருச்செங்கோட்டு எழுத்தாளரான பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையிலிருந்து உருவானது. திரையரங்கில் சோடா விற்கும் பையன்களை வைத்து ‘நிழல்முற்றம்’ எழுதியவர் அவர்; சினிமாவின் வெளிச்சத்தில் நிற்காதவர்களைத் தெரிந்தவர். பண்ணையக்காரர் வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் ஆசை. வீட்டு அடுப்பில் சமைக்கக் கூடாது, வெளியே தெரியவும் கூடாது. பன்றியைத் தேடிப் பிடிப்பதற்கும் வாட்டுவதற்கும் கூறு போடுவதற்கும் கூடை முடையும் பூச்சி வேண்டும். பேரனைப் படிக்கவைக்கும் ஆசையில் இருக்கும் கிழவர் அவர். நாட்டில் தலித் ஒருவர் குடியரசுத் தலைவராகப் போகிறார் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. தீயில் மயிர் கருகும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் தள்ளி நின்று ‘கறி பதமா இருக்கோணும்’ என்ற தொனியில் ஏவுகிறார்கள் என்பதைக் கேமரா அவசரப்படாமல் பார்க்கிறது. வசனம் முழுக்கக் கொங்குத் தமிழ். அதில் கேலி இருக்கிறது, ஏச்சு இருக்கிறது, தாத்தா பேரனிடம் காட்டும் பாசம் இருக்கிறது, கடைசியில் சாவும் இருக்கிறது. எந்த இடத்திலும் அது சிரிப்பு மூட்டுவதற்காகப் பேசப்படவில்லை.