அடுத்த வாட்ச் எது?

இந்த முறை கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பீங்கான், நிறைய வாட்ச்!

பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்களைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி ஒன்றுதான்: அடுத்தது எதை வாங்குவது? படிக்கிற பையனிடம் இருக்கும் காசுக்கு வருடத்துக்கு ஒன்று வாங்கினாலே பெரிய விஷயம். அதனால் வாங்குகிற ஒன்றில் மணி மட்டும் தெரிந்தால் போதாது, ஒரு காலமும் தெரிய வேண்டும். இப்போது என் பட்டியலில் மூன்று பேர் நிற்கிறார்கள்: வெஸ்ட் எண்ட், டைட்டன், எச்.எம்.டி. ஒவ்வொருவராக விசாரிப்போம்.

முதலில் வெள்ளைக்காரர் காலத்து ஆள். ஃபேவ்ர் லூபா கம்பெனி 1865லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886ல் தொடங்கியது. விற்பனை இந்தியாவில், தயாரிப்பு சுவிட்சர்லாந்தில். அந்தக் காலத்தில் நம் ஊரில் நிமிடக் கணக்கை முக்கியமாக்கியது ரயில்தான். விருத்தாசலம் ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் - திருச்சி பாதையும் சேலம் - கடலூர் பாதையும் இங்கே சந்திக்கின்றன. இரண்டு பாதை சந்திக்கும் இடத்தில் ஆளுக்கொரு மணி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்திய நேரம் என்று ஒன்று வந்ததே 1906 ஜனவரி 1ல்தான். அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. இன்றைய நேரத்தை விட அது சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்கியது.

அந்தக் காலத்துச் சட்டைப்பை கடிகாரங்களில் பளிச்சென்று வெள்ளையாக ஒரு டயல் இருக்கும். பீங்கான் டயல் என்பார்கள். உண்மையில் அது எனாமல். மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி எடுப்பது. செராமிக் தொழிற்பேட்டை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கிட்டத்தட்ட நம் கிளேஸ் வேலைதான்! கீழே விழுந்தால் மயிரிழை போல விரிசல் விடும். ஆனால் நூறு வருடம் ஆனாலும் நிறம் மங்காது. அழகுதான். என்ன செய்வது, நல்ல நிலையில் இருப்பதன் விலை நம் பாக்கெட்டுக்கு எட்டாது. உதிரி பாகமும் சுலபத்தில் கிடைக்காது. ஆகவே வெஸ்ட் எண்ட் இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, நம்ம வீட்டுப் பிள்ளை டைட்டன். 1984ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். தொழிற்சாலை ஓசூரில். டாடா, தமிழ்நாடு இரண்டு பெயருமே அந்த ‘டைட்டன்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானின் சீக்கோ 1969ல் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைட்டனும் அந்தக் குவார்ட்ஸை நம்பித்தான் களத்தில் இறங்கியது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி போட்டால் ஓடும், நேரமும் துல்லியம். சேகரிப்பவனுக்கு அதில் ஒரே சிக்கல்: உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்று செத்துவிட்டால் ரிப்பேர் செய்வது கஷ்டம். இயந்திரத்தையே மாற்றிவிடுவார்கள். மேலே 1980கள், உள்ளே நேற்று வந்த இயந்திரம்!

மூன்றாவது எச்.எம்.டி. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953ல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம். பெயரைப் பார்த்தாலே தெரியும், அதன் முதல் வேலை இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961ல் வாட்ச் ஆலையைத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, வெளிநாட்டு வாட்ச் என்றால் கடத்தல் சரக்கு என்றிருந்த காலம் அது. அப்போது சாதாரண குமாஸ்தாவும் வாத்தியாரும் மணி பார்க்க ஒரு கடிகாரம் வந்தது. அதற்கு வைத்த பெயரே ‘ஜனதா’. மக்கள்! 17 கல், விநாடிக்கு ஐந்து துடிப்பு, தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடுகிற நம் வழக்கத்தில் எச்.எம்.டி. தனி இடம் பிடித்தது. கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்த்து மணி அறிய பிரெய்லி வாட்ச் கூடச் செய்தார்கள்.

பிறகு ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் அலை அடித்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது என்றாலும் சந்தை கைவிட்டுப் போனது, நஷ்டம் ஏறியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்தான். ஒரு தொழிலின் எழுச்சியும் வீழ்ச்சியும் அந்த நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது!

ஆக, என் ஓட்டு ஜனதாவுக்கு. ஆனால் எந்த ஜனதா? இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஜனதாவின் டயல் எனாமல் அல்ல, உலோகத் தகட்டில் பூசிய வண்ணம். வெயிலும் வியர்வையும் பட்டால் மஞ்சளாகும், புள்ளி விழும். வாங்குகிறவர்களுக்குப் பளபளப்புதான் பிடிக்கிறது. உடனே பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, ஆலை கனவிலும் பார்க்காத பச்சையும் ஆரஞ்சும் அடித்து, மேலே புதிதாக எழுத்து அச்சடித்து விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதற்குக் கிண்டலாக ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்வெட்டைத் தேய்த்துவிட்டு அதே இடத்தில் பெயிண்டால் எழுதினால் எப்படி இருக்கும்? அதேதான் இதுவும். சுரண்டிய வண்ணம் திரும்ப வராது. ஆலையும் இல்லாத நிலையில், அப்படிப் போகிற ஒவ்வொரு டயலும் ஒரு ஆவணம் போன மாதிரி.

அதனால் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, எழுத்து: பூதக்கண்ணாடி வைத்தால் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேர வேண்டும். இரண்டு, சாவி: திருகும்போது மாவு அரைப்பது போல இருக்கக் கூடாது. மூன்று, பின்மூடி: கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், துரு இருந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று அர்த்தம். பழமை என்பதையே பெயராக வைத்துக்கொண்ட ஊர் இது. மலைக்குப் பழமை பெருமையென்றால் வாட்சுக்கு மட்டும் ஏன் சுருக்கம் இருக்கக் கூடாது? யாரோ ஒரு வாத்தியார் முப்பது வருடம் கட்டி மஞ்சளாக்கிய ஜனதா, ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே ஓடினாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் வேண்டும். உங்கள் வீட்டு பீரோவில் தாத்தாவின் வாட்ச் கிடந்தால், தயவுசெய்து அதற்குப் புது டயல் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். சர்வீஸ் செய்து, வார் மாற்றி, காலையில் சாவி கொடுங்கள். அது போதும் :)