மழை ரேடார்

மழை ரேடார் என்பது எங்கே மழை பெய்கிறது, எவ்வளவு வலுவாகப் பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நுண்ணலைகளின் எதிரொலியைக் கொண்டு காட்டும் கருவி. புயல்களைக் கண்காணிக்க அமைக்கப்பட்டது. அதன் படங்கள் இணையத்தில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியாகத் தொடங்கியபின், வண்டியை எடுக்குமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்பவர், களத்தில் நெல் காயவைத்தவர், கான்கிரீட் போட ஆள் வரவழைத்தவர் என எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிய ஊர் சென்னை. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கே ‘ரேடார் பார்த்தியா?’ என்பது மழைக்காலப் பேச்சாகவே ஆகிவிட்டது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் டாப்ளர் ரேடார் 2002இல் சென்னைத் துறைமுகக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இயங்கத் தொடங்கியது. ஜெர்மனியில் செய்யப்பட்ட இக்கருவி சுமார் 10 செ.மீ. அலைநீளமுள்ள எஸ்-பேண்ட் வகையைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலும் காரைக்காலிலும் உள்ள ரேடார்கள் வடக்கிலும் தெற்கிலும் இதற்குத் துணை. பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், 2022 ஜனவரியில் எக்ஸ்-பேண்ட் ரேடார் ஒன்றும் சேர்ந்தது. இதன் அலைநீளம் சுமார் 3 செ.மீ. அருகிலுள்ள மேகத்தை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் முன்னால் கனமழை கொட்டினால் அலை அதிலேயே வலுவிழந்து, பின்னால் உள்ள மழை மங்கிவிடும். எஸ்-பேண்டில் இந்தத் தொல்லை குறைவு.

சுழலும் தட்டிலிருந்து கிளம்பும் அலைத்துடிப்பு மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் தூரத்தைச் சொல்லும்; திரும்பிய வலு மழையின் அளவைச் சொல்லும். துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அலைவெண்ணின் சிறு மாற்றம் காட்டிக்கொடுக்கும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய விளைவு இது.

எதிரொலியின் வலுவை டிபிஇசட் என்ற அலகில் குறிக்கிறார்கள். இது மடக்கை அளவு என்பதால் 10 கூடினால் எதிரொலி பத்து மடங்கு கூடியதாகப் பொருள். மார்ஷல், பால்மர் இருவரும் 1948இல் தந்த வாய்பாட்டின்படி 20 டிபிஇசட் என்றால் மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூறல். 40 என்றால் மணிக்கு சுமார் 12 மி.மீ.; 50 என்றால் 50 மி.மீ.க்கு அருகில். இந்த அளவுகளைத்தான் படத்தில் நிறங்களாகக் காட்டுகிறார்கள். அங்கே மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே ஒரு விரல்கூட இல்லை. தெருவில் அது குடை தாங்கும் மழைக்கும் குடை தாங்காத மழைக்கும் உள்ள வேறுபாடு.

ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய பிழை. ரேடார் வருங்காலத்தைச் சொல்வதில்லை. சற்றுமுன் நடந்ததைச் சொல்கிறது. குறைந்தது மூன்று படங்களை வரிசையாக வைத்தால்தான் திசையும் வேகமும் தெரியும்.

ஓர் ஆகஸ்ட் மாலையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னையின் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் வெப்பச்சலன மழை. சித்தூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் பிற்பகலில் எழும் இடிமேகங்கள் இருட்டும் வேளையில் கிழக்கே நகரும். மாலை 5 மணிப் படத்தில் அரக்கோணத்தின் மேல் ஒரு சிவப்புத் திட்டு. 5:10க்கு அது 5 கி.மீ. கிழக்கே வந்திருக்கிறது, 5:20க்கு இன்னொரு 5 கி.மீ. ஆக, வேகம் மணிக்கு 30 கி.மீ. அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 70 கி.மீ. என்பதால், அப்படியே வந்தால் ஏழரையை ஒட்டி நகரத்தைத் தொடும். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர் ஆறு மணிக்குக் கிளம்பினால் நனையாமல் போகலாம்; ஏழுக்குக் கிளம்பினால் ஏதாவது மேம்பாலத்தின் அடியில் நிற்க வேண்டியிருக்கும்.

‘அப்படியே வந்தால்’ என்பதில்தான் சிக்கல். தனித்த ஓர் இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரக்கோணத்தில் சிவந்தது திருவள்ளூரில் பச்சையாகி, பூந்தமல்லி வருமுன் கரைந்து போவதும் உண்டு. அதிலிருந்து இறங்கிய குளிர்காற்று முன்னால் ஓடி, கடற்காற்றைச் சந்திக்கும் இடத்தில் புது மேகத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அப்போது ஏழரைக்கு எதிர்பார்த்த மழை ஆறரைக்கே தலையில் விழும். கடற்காற்று முனை சில நாட்களில் மெல்லிய கோடாகப் படத்திலேயே தெரியும். கைதேர்ந்தவர்கள் திட்டைவிட அந்தக் கோட்டைத்தான் கவனிக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு நம்பலாம், இரண்டு மணி நேரத்துக்கு யோசிக்கலாம், அதற்குமேல் ரேடாரை வைத்துத் திட்டம் போடுவது வீண். வானிலைத் துறையே மாவட்டவாரியான உடனடி எச்சரிக்கையை ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று நிறுத்திக்கொள்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் கதை தலைகீழ். மழை கடலிலிருந்து, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையே, கரையேறும். மேற்கே பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். திட்டுகள் சிறியவை, ஒன்றன்பின் ஒன்றாக அதே தெருவின்மேல் வந்து கொட்டக்கூடியவை. 2021 டிசம்பர் 30 பிற்பகலில் நகரை முடக்கிய பெருமழையை முன்னறிவிப்புகள் சொல்லவில்லை. மேகத்திரள் கரையோரத்தை விட்டு நகராமல் மணிக்கணக்கில் பொழிந்தது. அத்தகைய நாளில் வேகக்கணக்கு உதவாது. திட்டு நகரவில்லை என்பதே அங்கு படிக்க வேண்டிய செய்தி.

ரேடாரின் கதிர் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைகிறது. அரை டிகிரி உயர்த்தி அனுப்பிய கதிர் 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ.யில் சுமார் 4 கி.மீ. உயரத்திலும் இருக்கும். காரைக்கால் ரேடாரிலிருந்து மதுரை 200 கி.மீ.க்கும் அப்பால் இருப்பதால், அங்கே தாழ்ந்த மேகத்திலிருந்து பெய்யும் மழை அதன் கண்ணில் படாமலேயே போகலாம். கோவைக்கும் கொச்சி ரேடாருக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. யாழ்ப்பாணம் காரைக்காலிலிருந்து சுமார் 140 கி.மீ. என்பதால் அங்குள்ளவர்களும் அந்தப் படத்தைப் பயன்படுத்த முடியும். தட்டு ஓரளவுக்கு மேல் நிமிராது. ஆகவே ரேடாருக்கு நேர் மேலே உள்ள வானமும் அதற்குத் தெரியாது.

மழையல்லாதவையும் படத்தில் வரும். கடல் அலை, பறவைக் கூட்டம், பூச்சித்திரள், கோடை இரவில் வழக்கத்துக்கு மாறாக வளைந்து தரையைத் தொடும் கதிர் ஆகியவை பொய்த் திட்டுகளை உண்டாக்கும். அசையாமல் ஒரே இடத்தில் மினுங்கும் நீலத்தை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் ‘ரேடார் படம்’ என்று சுற்றுபவற்றில் பல உண்மையில் செயற்கைக்கோள் படங்கள். அவை காட்டுவது மேகத்தை, மழையை அல்ல. மின்னலும் ரேடாரில் தெரியாது. அதற்குத் தனி உணர்விகள் உண்டு, ‘தாமினி’ செயலி அவற்றைக் கொண்டு இயங்குகிறது. திட்டு இன்னும் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று மைதானத்தில் நிற்பது ஆபத்து. இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள்.

பழுதுபார்ப்பின்போது ரேடார் நின்றுபோனால், கடைசிப் படமே இணையப் பக்கத்தில் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆகவே நிறத்தைப் பார்க்குமுன் மூலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 12:30 என்று போட்டிருந்தால் நம் கடிகாரத்தில் மாலை 6 மணி.